சீட்டும் வேண்டாம், நகையும் வேண்டாம்: வீட்டுக்கடனை எட்டு வருடத்தில் முடிக்கலாம்

மதுரை திருநகரைத் தாண்டி, தனக்கன்குளம் பக்கம் சொந்த வீட்டில் குடியிருக்கும் ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு 31 வயது. மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஆசிரியை, சம்பளம் 18,000 ரூபாய். கணவருக்கு 34 வயது. கப்பலூரில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறார். பிடித்தம் போகக் கைக்கு வருவது 52,000. ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. மாமனார், மாமியாரும் கூடவே இருக்கிறார்கள். 2022 மார்ச் மாதம் ஒரு வங்கியில் 30 லட்சம் ரூபாய் வீட்டுக்கடன் வாங்கினார்கள். 20 வருடத் தவணை, வட்டி 7 சதவீதம், ஈ.எம்.ஐ. 23,259 ரூபாய். ஒரு வருடம் கழித்து வங்கி ஈ.எம்.ஐ.யை 26,500 ஆக்கியது. போன மாதம் கணக்கு அறிக்கையை எடுத்துப் பார்த்தபோது, 48 தவணை கட்டிய பிறகும் பாக்கி 28 லட்சத்து 16 ஆயிரம் என்று இருந்திருக்கிறது. "12 லட்சத்துக்கு மேல கட்டியிருக்கோம் சார். அசல்ல ரெண்டு லட்சம்கூட குறையல. அன்னைக்கு ராத்திரி ரெண்டு பேரும் தூங்கல" என்று எழுதியிருக்கிறார்.

எப்படியாவது ஐந்து வருடத்துக்குள் கடனை முடித்துவிட வேண்டும் என்று குடும்பமே முடிவு செய்துவிட்டது. அதற்கு நான்கு வழிகளை யோசிக்கிறார்கள். வில்லாபுரத்தில் தெரிந்த ஒரு அக்கா நடத்தும் 5 லட்ச ரூபாய் ஏலச்சீட்டில் சேர்ந்து, சீக்கிரமே தள்ளி எடுத்துக் கட்டுவது. இவருடைய 22 பவுன் நகையை அடகு வைத்து 10 லட்சம் கட்டுவது. கணவரின் பி.எஃப். கணக்கில் இருக்கும் 3 லட்சத்து 80 ஆயிரத்தை எடுப்பது. உசிலம்பட்டி பக்கம் மாமனாருக்கு இருக்கும் 12 சென்ட் நிலத்தை விற்பது. "கடன முன்கூட்டிக் கட்டினா பேங்க்ல அபராதம் போடுவாங்களா? வரிச்சலுகை போயிருமா?" என்றும் கேட்டிருக்கிறார். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: "பத்திரம் அவர் பேர்லதான் இருக்கு. லோன்ல நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

அன்புள்ள சகோதரி,

கடனை முன்கூட்டியே முடிக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பது நல்ல நினைப்பு, அதை விட்டுவிடாதீர்கள். நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் வழிகள்தான் எனக்குக் கவலை தருகின்றன. ஒரு வங்கியின் கடன் பிரிவில் பல வருடம் உட்கார்ந்திருந்தவன் என்பதால், இந்த வழிகளில் போனவர்கள் எங்கே போய் நின்றார்கள் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன்.

நாலு வருடப் பணம் எங்கே போனது?

முதலில் அந்தத் தூங்காத ராத்திரியைப் பற்றிப் பேசுவோம். வங்கி உங்களை ஏமாற்றவில்லை. ஆனால் நடந்ததை உங்களுக்குப் புரியும்படி யாரும் எடுத்துச் சொல்லவும் இல்லை.

உங்களுடையது ரெப்போவோடு, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியோடு சேர்ந்து ஏறி இறங்கும் மாறும் வட்டிக் கடன். நீங்கள் கடன் வாங்கியபோது ரெப்போ 4 சதவீதம். அந்த வருடம் மே மாதம் ஏறத் தொடங்கி, 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதத்தைத் தொட்டது. உங்கள் வட்டியும் கூடவே ஏறி 7-லிருந்து 9.5 ஆனது. 2023 ஜனவரி முதல் மார்ச் வரையிலான வரிகளை அறிக்கையில் பாருங்கள். மாதம் 23,259 ரூபாய் கட்டியிருக்கிறீர்கள், அதில் அசலுக்குப் போனது 400 ரூபாய்கூட இருக்காது. ஏப்ரலில் வட்டி 9.5 ஆனதும் ஒரு மாத வட்டியே 23,488 ரூபாய். அதாவது பழைய ஈ.எம்.ஐ.யை அப்படியே கட்டியிருந்தால் கடன் குறைவதற்குப் பதிலாக வளர்ந்திருக்கும். அதனால்தான் வங்கி ஈ.எம்.ஐ.யை உயர்த்தியது. உயர்த்திய பிறகும் மிச்சத் தவணை ஒரு கட்டத்தில் 276 மாதம், அதாவது 23 வருடம் என்று ஆகியிருக்கும். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

இப்போது நல்ல செய்தி. 2025 பிப்ரவரியிலிருந்து டிசம்பருக்குள் ரெப்போ 6.5-லிருந்து 5.25-க்கு இறங்கியது. உங்கள் வட்டி இப்போது 8.25. ஈ.எம்.ஐ. 26,500 அப்படியே இருப்பதால், மாத வட்டியான 19,360 போக 7,140 ரூபாய் அசலில் கழிகிறது. மிச்சம் சுமார் 191 தவணைதான். ஆரம்பத்தில் போட்ட 20 வருடக் கணக்குக்கே திரும்ப வந்துவிட்டீர்கள். வட்டி இறங்கியதால் ஈ.எம்.ஐ.யைக் குறைத்துத் தருகிறோம் என்று வங்கி சொன்னால், வேண்டாம், மாதங்களைக் குறையுங்கள் என்று சொல்லுங்கள். வட்டி மாறும்போது ஈ.எம்.ஐ.யை மாற்றுவதா, மாதங்களை மாற்றுவதா என்று கடனாளியைக் கேட்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது.

ஐந்து வருடம் என்ற கெடு

28 லட்சத்து 16 ஆயிரத்தை 60 மாதத்தில் முடிக்க மாதம் 57,400 ரூபாய் கட்ட வேண்டும். உங்கள் இருவர் சம்பளமும் சேர்ந்து 70,000. மிஞ்சும் 12,600-ல் ஐந்து பேர் சாப்பிட்டு, குழந்தையின் பள்ளிக் கட்டணமும் மாமனாரின் மருந்தும் பார்க்க முடியாது. அதனால்தான் சீட்டு, நகை, நிலம் என்று யோசனை போகிறது. உங்கள் மீது தவறில்லை, கெடுதான் தவறு.

சீட்டை எடுத்துக்கொள்வோம். 5 லட்சச் சீட்டு, 40 மாதம், மாதம் 12,500 வரை. உங்கள் வீட்டுச் செலவு 31,000-மும் ஈ.எம்.ஐ.யும் போக மிஞ்சுவது 12,500 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மிஞ்சுவது மொத்தமும் சீட்டுக்குப் போய்விடும். ஆரம்பத்திலேயே எடுக்க வேண்டுமென்றால் நன்றாகத் தள்ளித்தான் எடுக்க வேண்டும். ஒன்றரை லட்சம் தள்ளினால் கைக்கு வருவது மூன்றரை லட்சம், பிறகு மூன்று வருடத்துக்கு மேல் தவணை ஓடும். ஏலத்தில் தள்ளுகிற தொகையில் உங்கள் பங்கு, அதாவது கழிவு, கொஞ்சம் திரும்ப வந்தாலும், கணக்குப் போட்டால் அதன் வட்டி 8.25-ஐ விட மேலேதான் நிற்கும். அதைவிடப் பெரிய விஷயம், அந்த அக்காவின் சீட்டு பதிவு செய்ததா என்பது. 1982 சீட்டு நிதிச் சட்டப்படி, பதிவு செய்யாமல் சீட்டு நடத்துவதே குற்றம். பதிவு செய்த சீட்டில் நடத்துகிறவர் முன்கூட்டியே ஈடு வைத்திருப்பார். பதிவில்லாத சீட்டில் அவருடைய வாய்ச்சொல் மட்டும்தான் ஈடு. அவர் நல்லவராகவே இருக்கலாம். சீட்டு எடுத்த நாலு பேர் தவணையை நிறுத்திவிட்டால் நல்லவராலும் எதுவும் செய்ய முடியாது.

நகைக்கு வருவோம். 9.5 சதவீத வட்டி, ஒரு வருடத்தில் மொத்தமாகத் திருப்ப வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். 8.25 சதவீதக் கடனை அடைக்க 9.5 சதவீதத்தில் கடன் வாங்குவதா? சரி, அந்த வித்தியாசம் 10 லட்சத்துக்கு வருடம் 12,500 ரூபாய்தான், சமாளித்துவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அடுத்த வருடம் இதே நாளில் 10 லட்சத்து 95 ஆயிரத்துக்கு எங்கே போவீர்கள்? 16 வருடத்தில் நிதானமாகக் கட்ட வேண்டிய பணத்தை 12 மாதக் கெடுவுக்குள் கொண்டுபோய் வைக்கிறீர்கள். திருப்ப முடியாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும்.

நான் வேலையில் இருந்தபோது, அருப்புக்கோட்டை சாலையில் வீடு கட்டிய ஒருவர் இதே மாதிரி நகை, சீட்டு, கைமாற்று எல்லாம் சேர்த்து மூன்றே வருடத்தில் வீட்டுக்கடனை முடித்து, பத்திரத்தோடு இனிப்பும் வாங்கிவந்து கொடுத்தார். எட்டு மாதம் கழித்து அவர் வேலை பார்த்த இடத்தில் ஆள் குறைப்பு. வீட்டில் ரொக்கம் என்று ஒன்றுமே இல்லை. சம்பளம் இல்லாதவருக்கு வங்கியும் கடன் தராது. வெளியில் வட்டிக்கு வாங்கினார், ஒன்றரை வருடத்தில் வீட்டை விற்றார். அவருக்குக் கடன் இல்லாத வீடு இருந்தது, மூன்று மாதச் சாப்பாட்டுக்குப் பணம் இல்லை. இன்றும் அதை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்தபோது அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

பி.எஃப். பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2024-25-ஆம் ஆண்டுக்கு அதற்குத் தந்த வட்டி 8.25 சதவீதம். உங்கள் கடன் வட்டியும் அதேதான். எடுத்துக் கட்டினால் ஒரு பைசா லாபமில்லை. கூடவே, பி.எஃப். பணத்தைக் கடன்காரர் யாரும் ஜப்தி செய்ய முடியாது. அப்படி ஒரு காவல் உள்ள பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.

நிலத்தை விற்பது மட்டும் கடனைக் கடனால் அடைக்காத வழி. அது மாமனார் சொந்தமாக வாங்கியது என்றால் அவர் விருப்பம். பூர்வீகம் என்றால் உங்கள் நாத்தனாருக்கும் பங்கு உண்டு, தமிழ்நாட்டில் 1989-லிருந்தே பெண் பிள்ளைகளுக்கு அந்த உரிமை இருக்கிறது. அவருடைய மனமார்ந்த சம்மதமும் பங்கும் இல்லாமல் அதைத் தொட வேண்டாம். வயதான இருவருக்கும் கடைசிக் கையிருப்பு அந்த நிலம்தானா என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

அபராதமும் வரியும்

மாறும் வட்டி வீட்டுக்கடனைத் தனிநபர் முன்கூட்டியே கட்டினால் வங்கி அபராதம் போடக் கூடாது என்று 2012-லேயே ரிசர்வ் வங்கி உத்தரவிட்டுவிட்டது. பகுதியாகவும் கட்டலாம், முழுசாகவும் கட்டலாம். பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் கிடையாது.

வரிச்சலுகை போய்விடும் என்று உங்கள் கணவரின் நண்பர் சொன்னது பழைய கணக்கு. இப்போதைய புதிய வரி முறையில், சம்பளக்காரருக்கு வருடம் 12 லட்சத்து 75 ஆயிரம் வரை வருமான வரியே வராது. உங்கள் கணவரின் சம்பளம் அதற்கு எவ்வளவோ கீழே இருக்கிறது. கட்டாத வரியில் சலுகை எங்கிருந்து வரும்? வரிக்காகக் கடனை வைத்திருக்கச் சொல்வது உங்கள் வீட்டுக்குப் பொருந்தவே பொருந்தாது.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த வரி

எனக்கு அதுதான் கடிதத்திலேயே முக்கியமான வரி. கடனில் நீங்கள் இணைக் கடனாளி. அப்படியென்றால் பாதிக் கடனுக்குப் பொறுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். முழுக் கடனுக்கும் நீங்கள் பொறுப்பு. ஆனால் வீட்டில் உங்களுக்குப் பத்திரப்படி ஒரு செங்கல்கூட இல்லை. உங்கள் கணவர் நூறு வருடம் நன்றாக இருக்கட்டும். ஒரு பேச்சுக்கு, அவர் உயில் எழுதாமல் போய்விட்டால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி வீடு உங்களுக்கும் மகளுக்கும் மாமியாருக்கும் சமமாக மூன்று பங்காகும். உங்களுக்கு மூன்றில் ஒன்று. கடனோ மொத்தமும் உங்கள் தலையில்.

இந்த நிலையில் உங்கள் 22 பவுனையும் அதில் போடப் பார்க்கிறீர்கள். பிறந்த வீட்டில் போட்ட நகை உங்கள் தனிச் சொத்து. கணவருக்கோ மாமனார் வீட்டுக்கோ அதில் உரிமை கிடையாது. அது வீட்டுக் கணக்கில் போய்விட்டால், போனதற்கு எந்தத் தடயமும் இருக்காது. இதைச் சொல்வதால் உங்கள் வீட்டுக்குள் சந்தேகத்தை விதைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கணவர் நல்லவர் என்று கடிதம் முழுக்கத் தெரிகிறது. நல்ல மனிதர் இருக்கும்போதுதான் இதையெல்லாம் சுலபமாகச் சரிசெய்ய முடியும்.

உடனே செய்யக்கூடியது, அவர் ஓர் உயில் எழுதுவது. இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டால் போதும், பதிவு செய்வது கட்டாயமில்லை, செய்தால் நல்லது. அடுத்து, வீட்டில் பாதியை உங்கள் பெயருக்கு செட்டில்மென்ட் பத்திரம் எழுதுவது. குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வைக்கு உச்சவரம்பு உண்டு, செலவு பயப்படும்படி இருக்காது. கடன் நிலுவையில் இருப்பதால் வங்கியின் சம்மதம் வேண்டும். அது கிடைக்க இழுத்தடித்தால் கடன் முடிந்ததும் செய்யலாம், உயிலை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

என் யோசனை: எட்டு வருடம்

உங்கள் கையில் வைப்புநிதியாக 1 லட்சத்து 60 ஆயிரம் இருக்கிறது. அதைத் தூக்கிக் கடனில் போட எனக்கும் ஆசைதான். இன்று 1 லட்சம் கட்டினால் 13 தவணை குறையும், அதாவது இரண்டரை லட்சம் ரூபாய் வட்டி மிச்சம். ஆனாலும் வேண்டாம். உங்கள் வீட்டுக்கு ஈ.எம்.ஐ.யோடு சேர்த்து மாதம் 57,500 ரூபாய் தேவை. கப்பலூர் வேலைக்கு ஏதாவது நேர்ந்தால், உங்கள் சம்பளம் வந்தாலும் அந்த 1.60 லட்சம் நாலு மாதம்தான் தாங்கும். ஆறு மாதத்துக்கான மூன்றரை லட்சம் சேரும் வரை அந்தக் கையிருப்பைத் தொடாமல் வளருங்கள்.

கூடவே, கணவர் பெயரில் கடன் தொகைக்குக் குறையாத ஒரு டேர்ம் பாலிசி (அவருக்கு ஏதாவது ஆனால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுத்துவிடுங்கள். ஆரோக்கியமான 34 வயதுக்காரருக்கு அதன் வருடப் பிரீமியம் உங்கள் ஒரு மாத ஈ.எம்.ஐ.யைவிடக் குறைவாகவே இருக்கும். இப்போது அதற்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. மகளுக்குச் செல்வமகள் சேமிப்பில் போடும் 1,500-ஐ நிறுத்தப் போவதாக எழுதியிருந்தீர்கள். நிறுத்த வேண்டாம்.

இதற்கெல்லாம் போக, மாதம் 5,000 ரூபாயைக் கடனில் கூடுதலாகக் கட்ட உங்களால் முடியும். அதை இந்த மாதமே தொடங்குங்கள். சம்பளம் உயரும்போது வருடத்துக்கு 2,000 ரூபாய் அதில் ஏற்றுங்கள். இந்த வருடத் தீபாவளி போனஸ் கையிருப்புக்குப் போகட்டும். அடுத்த வருடத்திலிருந்து போனஸில் 40,000 ரூபாய் கடனுக்குப் போகட்டும். வட்டி இதே 8.25-ல் நின்றால் எட்டு வருடத்தில் கடன் முடிந்துவிடும். வட்டியில் மட்டும் சுமார் 11 லட்சம் மிச்சம். அப்போது உங்கள் கணவருக்கு 42 வயது, மகள் எட்டாம் வகுப்பில் இருப்பாள். வெறும் 5,000 ரூபாயை மட்டும், ஏற்றாமல், போனஸ் போடாமல் கட்டினால்கூட 191 தவணை 139 ஆகிவிடும். ஒரு வருடம் கை கடித்தால் ஏற்றாமல் விட்டுவிடுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. கூடுதல் பணம் உங்கள் விருப்பம், ஈ.எம்.ஐ. மட்டும்தான் கட்டாயம். சீட்டிலும் நகைக்கடனிலும் இந்தச் சுதந்திரம் கிடைக்காது.

வங்கிக்கு ஒரு கடிதம் எழுதி நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அதில் கேட்க வேண்டியவை:

1. கூடுதலாகக் கட்டும் பணத்தை அசலில் கழிக்க வேண்டும், அடுத்த மாதத் தவணைக்கான முன்பணமாக வைக்கக் கூடாது. ஈ.எம்.ஐ. மாறாமல் மாதங்கள்தான் குறைய வேண்டும்.

2. ரெப்போ 5.25, உங்கள் வட்டி 8.25. ஆக வங்கி வைத்திருக்கும் கூடுதல் 3 சதவீதம். இன்று புதிதாக வருகிறவருக்கு எவ்வளவு கூடுதல் வைக்கிறீர்கள், நாலு வருடம் ஒரு தவணைகூடத் தவறாத எங்களுக்கு அதைத் தருவீர்களா என்று கேளுங்கள். சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு மாற்றித் தருவது வழக்கத்தில் உண்டு. அரை சதவீதம் குறைந்தால், நீங்கள் கூடுதலாக ஒரு ரூபாய் கட்டாமலே 11 தவணை குறையும். மறுத்தால் வேறு வங்கிக்கு மாற்றுவதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். அதற்குப் புதிதாக ஆகும் பதிவுச் செலவையும் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான்.

3. ஒவ்வொரு கூடுதல் தொகைக்குப் பிறகும் திருத்திய தவணை அட்டவணை.

கடன் முடிகிற அன்று

இது இன்னும் தூரத்தில் இருக்கிறது என்றாலும் இப்போதே குறித்து வையுங்கள். நம் ஊரில் நிறையப் பேர் பத்திரத்தை வாங்கி பீரோவில் வைத்ததோடு விட்டுவிடுகிறார்கள். நீங்கள் கடன் வாங்கும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்.ஓ.டி., அதாவது பத்திரத்தை வங்கியில் அடமானமாக ஒப்படைத்ததற்கான ஆவணம், பதிவு செய்திருப்பீர்கள். கடன் முடிந்ததும் அதை ரத்து செய்யும் ரசீதையும் அங்கே பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் வில்லங்கச் சான்றிதழில் அடமானம் அப்படியே நிற்கும். முழுக்கடனும் கட்டிய 30 நாளுக்குள் வங்கி மூலப் பத்திரங்களைத் திருப்பித் தந்து, அடமானப் பதிவையும் நீக்கித் தர வேண்டும். அவர்கள் பக்கத் தாமதம் என்றால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்கு நஷ்டஈடு. 2023 டிசம்பரிலிருந்து இந்த விதி நடப்பில் இருக்கிறது. கடன் வாங்கியபோது எந்தெந்த ஆவணங்களைக் கொடுத்தீர்கள் என்ற பட்டியல் உங்களிடம் இல்லையென்றால், மேலே சொன்ன கடிதத்திலேயே அதையும் சேர்த்துக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

வங்கி அந்த இரண்டாவது கேள்விக்கு என்ன பதில் சொல்கிறது என்று எனக்கு எழுதுங்கள். வேறு வங்கிக்கு மாற்றுவது லாபமா என்று அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன். அதுவரை நகை லாக்கரிலேயே இருக்கட்டும், வில்லாபுரத்து அக்காவிடம் இந்த முறை சேரவில்லை என்று சொல்லிவிடுங்கள்.